வேட்டிக்குப் பின்னால் பாடிய பெட்டி

கிராமபோன் கடையில் நின்று வயிறு வளர்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்: வாங்க வருகிறவர்கள் பாட்டைக் கண்ணால்தான் கேட்பார்கள்.

குழாய் பெருசு

தென்காசியில் எங்கள் கடையில் இரண்டு தினுசு. ஒன்றுக்குப் பூசணிப்பூ மாதிரிப் பித்தளைக் குழாய். மற்றது, குழாய் உள்ளேயே அடங்கின மரப்பெட்டி. பாட்டு அதில்தான் தெளிவு. இலத்தூர்ப் பண்ணையார் ஒருத்தரிடம் பேசிப் பேசிப் பெட்டியை விற்றுவிட்டேன். எட்டாம் நாள் வில்வண்டியில் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் மச்சினன் குழாய் வைத்தது வாங்கிவிட்டானாம்.

"ஒம் பெட்டி சளி பிடிச்ச மாதிரி பாடுதுலே. மச்சினன் கேட்டுட்டுச் சிரிக்கான்!"

எட்டு நாள் ஊசி

முதலாளி என் காதோரம் வந்தார். "அந்தப் பெட்டி கடைக்குள்ள வந்தா, நீ வெளிய போயிரு." குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து காயப்போட்ட என் வேட்டி கண்ணில் பட்டது. கடைத் திண்ணையில் இரட்டையாக மடித்துக் குறுக்கே கட்டி, கடையின் குழாய் மிஷினையும் அவர் பெட்டியையும் பின்னால் வைத்தேன். "பாத்துச் சொல்லாண்டாம் அண்ணாச்சி, கேட்டுச் சொல்லுங்க."

ஒரே பாட்டுப் பிளேட்டை முதலில் குழாயில் வைத்தேன், பிறகு பெட்டியில். "மொதல்லதுதாம்லே!" என்றார். குழாய் ஜெயித்துவிட்டது. குனிந்து பார்த்தால், விற்ற அன்றைக்கு நான் மாட்டிக்கொடுத்த ஊசி பெட்டியில் அப்படியே தேய்ந்து மொட்டையாக இருக்கிறது! பிளேட்டுக்கு ஒரு ஊசி மாற்றச் சொல்லி ஒரு டப்பா கொடுத்தேனே அண்ணாச்சி என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? எங்க வீட்டுத் தையலூசி மூணு வருசமா அதேதான் கெடக்கு!"

மறுபடியும்

இரண்டுக்கும் புது ஊசி. சாவி முறுக்குகிற சத்தம் காட்டிக்கொடுக்குமே என்று, ஒவ்வொரு தடவையும் இரண்டையும் முறுக்கினேன். வரிசையையும் மாற்றி மாற்றி வைத்தேன். மூன்று தடவையும், "இதாம்லே பாட்டு! என் மச்சினன் வீட்டுல பாடுததும் இதுதான்!" என்று அவர் துள்ளினது பெட்டிக்குத்தான். வேட்டியை விலக்கி, "மூணு தடவையும் உங்க பெட்டிதான் அண்ணாச்சி" என்றேன். பண்ணையார் கிட்டப் போய்த் தன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டிய வண்டியில ஏத்து. அந்த வேட்டியயும் அவுத்துக் குடு. மச்சினன் வருததுக்குள்ள எங்க வீட்டுலயும் குறுக்க கட்டணும்ல!"

நல்லது எதுவென்று காதுக்கு எப்போதும் தெரியும். கண்ணைச் சும்மா இருக்கச் சொல்லத்தான் எனக்கு ஒரு எட்டு முழ வேட்டி செலவாச்சு.