மசூரில் பிழைத்தவை

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ஜாடிக்காரி என்றுதான் பெயர். பயறு வண்டுகளைக் கண்ணும் கருத்துமாக வளர்ப்பது அவள் வேலை. ஊரெல்லாம் நசுக்கித் தள்ளுகிற பூச்சிக்கு இவள் ஊழியம் பார்த்தாள், கூத்தைக் கேளுங்கள். கதகதப்பான அறையில் ஜாடிக்கு ஒரு வகைப் பயறு. தாய்வண்டு தோல்மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். புழு முட்டைக்கு அடியிலேயே துளைத்து உள்ளே இறங்கி, பருப்பைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டானதும் வட்டமாகத் தோலை வெட்டிக்கொண்டு வெளியே வரும்.

தட்டைப்பயறு அதற்குத் தாய்வீடு மாதிரி. மசூர் பயறில் மட்டும் முட்டைகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக் கிடக்கும், உள்ளே போன புழு செத்துவிடும். தப்பித்தவறிப் பிழைத்த ஒன்றிரண்டைப் பொறுக்கி, மறுபடி மசூரிலேயே விடச் சொல்வார் ஆய்வாளர் அம்மா. தலைமுறை தலைமுறையாக இதே கதை.

கழித்த பயறை உறைபெட்டியில் வைத்த பிறகுதான் வெளியே போட வேண்டும் என்பது விதி. மசூருக்கு அது எதற்கு? செத்ததை இன்னொரு தரம் கொல்வதா? முட்டைகளைத் துடைத்துவிட்டு, வீட்டில் கணவன் விதைப்புக்கு வைத்திருந்த மசூர் பீப்பாயில் கொட்டிவந்தாள். விதை கூடட்டுமே என்ற நல்ல எண்ணம்தான், பாவி.

ஒரு காலையில் ஆராய்ச்சிக்கூடத்து மசூர் ஜாடிக்குள் கருகருவென்று வண்டுகள் ஊர்ந்தன. ஆய்வாளர் அம்மா பூரித்துப்போனார். "பழகிடுச்சு பாருங்க. இப்ப இதுலயும் பிழைக்குது."

அவளுக்கு வீட்டுப் பீப்பாய் நினைவுக்கு வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நிலம் உழுது தயாராக இருந்தது. வேறு விதை கிடையாது. அடுத்த விளைச்சல் மொத்தமும் அந்த ஒரு பீப்பாய்தான். மூடியைத் திறக்கும் முன்பே உள்ளே மெல்லிய சரசரப்பு. கையை விட்டாள். யாரோ படுத்து எழுந்த பாய் மாதிரி பயறு சூடாக இருந்தது.

பின்னாலேயே வந்த கணவனும் கையை விட்டான். வண்டுகள் அவன் முழங்கைவரை ஏறின.

"நான்தான் கொண்டுவந்து போட்டேன். செத்துடுச்சுன்னு நெனச்சேங்க."

அவன் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து ஓட்டையில்லாத பயறாகப் பொறுக்க ஆரம்பித்தான். உள்ளங்கை நிறையச் சேர்த்து அவளிடம் நீட்டினான்.

"இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் தோல் ஓரிடத்தில் மட்டும் வட்டமாக மெலிந்திருந்தது.

"இல்லீங்க. இதுலயும் இருக்கு."

அவன் நம்பாமல் கையை இன்னும் நீட்டியே வைத்திருந்தான். அவன் உள்ளங்கையிலேயே ஒரு பயறு தோலைத் தள்ளித் திறந்தது.