பெட்ரோல் போன வழி

மதியம் சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் சலூன்காரருக்குக் கத்தரி பிடிக்கக் கை வராது. மற்ற நேரத்தில் படு உஷாரான மனிதர். ஸ்கூட்டரில் போட்ட பெட்ரோல் வரவரச் சீக்கிரமே காலியாவதைக் கண்டதும், பங்கில் அளவைக் குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டினார். சவரத்துக்கு உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அதையே புலம்பினார். கழுத்தில் கத்தி இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒருநாள் நேராகப் பங்குக்கே போய்ச் சண்டை பிடித்தார். பெட்ரோல் போடும் பெண் பதறாமல் அளவுக் குவளையை எடுத்துவந்து, அவர் கண்முன்னே நிரப்பிக் காட்டினாள். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"அப்ப என் பெட்ரோல் எங்கம்மா போகுது?"

"தினமும் மத்தியானம் அக்கா இதே வண்டியில இந்தப் பக்கம் ஓட்டிப் பழகுறாங்களே, உங்களுக்குத் தெரியாதா? இப்பல்லாம் கால் ஊனாமலே திரும்புறாங்கண்ணே!"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?" என்றாள் அவள்.

விட்டிருக்க மாட்டார். அதனால் பேச்சை வளர்க்கவில்லை. அன்று மாலை அவள் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து கடைத்தெரு முழுக்கச் சுற்றினார். வழியில் ஆச்சரியப்பட்டுக் கேட்டவர்களிடம், "நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றார்.