ராகு காலத்தில் விற்ற தங்கம்

எங்களிடம் ஒரு தங்கச் சுரங்கத்தின் பங்குகள் இருந்தன. நாங்கள் குடியிருந்ததோ வெக்ஸ்போர்ட்டில், பாதி நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு பேஸ்மன்ற் வீட்டில். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தொழிற்சாலையில் தன்னோடு வேலைசெய்தவர்கள் வாங்கினார்கள் என்று என் கணவரும் வாங்கினார். ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு ஒன்றுக்கு முற்பணமாகச் சேர்த்ததெல்லாம் அதற்குள் போனது. விலை ஏறியதும், விற்றுவிட்டு வீட்டை வாங்குவோம் என்று நான் நச்சரிக்கத் தொடங்கினேன். எனக்குத் தேவை குசினியில் ஒரு யன்னல், வெளியே வழிப்போக்கர்களின் கால்கள் தெரியாத யன்னல்.

நான் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை தங்கம் வீட்டைவிட்டு வெளிய போகக் கூடாதப்பா," என்றார்.

அது தங்கமில்லை, வெறும் கடதாசி என்றேன். அவர் காதில் ஏறவில்லை. தமிழ்க்கடை தந்த கலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு முடிகிறது. பங்குச்சந்தை திறப்பது ஒன்பதரைக்கு. இதைவிடப் பொருத்தம் கலியாணத்துக்கும் அமையாது என்று சந்தோசப்பட்டார். திங்கள் ஒன்பதரைக்குத் தொலைபேசியில் பங்கு முகவரைப் பிடித்து எல்லாவற்றையும் விற்றார். நல்ல விலை. நான் மனதுக்குள் யன்னலுக்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டேன்.

அன்று மாலையே றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அர்ச்சனை செய்யப் போனோம். ஐயரிடம் இவர் பெருமையாக நேரத்தைச் சொன்னார். ஐயர் யோசித்தார்.

"நேற்றெல்லோ கோடைகாலத்துக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை. கலண்டரில கிடக்கிறது பழைய நேரம். அரசாங்கம் மணிக்கூட்டைத்தான் மாத்தும், ராகுவை மாத்தாது."

ஒன்பதரை உண்மையில் எட்டரை. விற்றது முழு ராகு காலத்தில். திரும்பி வரும்போது காரில், விற்றது விற்றதுதானே, காசு வந்துவிட்டதே என்றேன்.

"ராகு காலத்தில வந்த காசில வீடு வாங்கினா அந்த வீட்டில இருக்கேலுமோ?"

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இல்லை என்று உரத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவேளை ராகுவுக்கும் கனடா நேரம் தெரியுமோ என்றும் யோசித்தேன். அவர் அதற்குள் பரிகாரம் கண்டுபிடித்துவிட்டார். நல்ல நேரத்தில் திரும்ப வாங்கி, இன்னொரு நல்ல நேரத்தில் திரும்ப விற்பது. தோசம் கழிந்துவிடும்.

செவ்வாய் ஆகாது. புதன் காலை, ஒரு மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் பார்த்து, அத்தனையையும் திரும்ப வாங்கினார். அப்படியே உடனே விற்றுவிடுங்கள் என்றேன். ஒரு நல்ல நேரம் ஒரு காரியத்துக்குத்தான் என்றார். வியாழன் அட்டமி. வெள்ளி தங்கம் வெளியே போகாது. திங்கள் பத்து மணிக்குப் பிறகு விற்பதாக முடிவானது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வானொலியில் சொன்னார்கள், அந்தச் சுரங்கத்தில் தங்கமே இல்லையாம். திங்கட்கிழமை வாங்க ஒருவரும் இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மீது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. கெட்ட நேரத்தில் செய்தது எங்களைக் காப்பாற்றியிருந்தது. நல்ல நேரம் பார்த்துச் செய்தது எங்களை விழுத்தியது. அப்படியென்றால் ராகு நல்லவனா? இவரிடம் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கலண்டரைக் கழற்றவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை.

இலையுதிர் காலத்தில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும் நாள் வந்தது. இவர் கதிரையில் ஏறி முள்ளைத் திருப்பினார். திருப்பிவிட்டு இறங்காமல் அங்கேயே நின்றார்.

"இஞ்சேரும், எடுத்த மணித்தியாலத்தைத் திருப்பித் தந்திட்டாங்கள்," என்றார்.

நான் யன்னலைப் பார்த்தேன். யாரோ இரண்டு கால்கள் போய்க்கொண்டிருந்தன.