ரிங்லெட் வரைக்கும்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் தேயிலைக் கூடையை மாட்டாமல் மலையிறங்கிப் படிக்கப் போன முதல் ஆள் என் அம்மா சாரதாவின் தங்கை, ரஞ்சிதம் சின்னம்மா.

1976இல் சின்னம்மா ஈப்போ நகரத்து ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். காட்டுக்குள் கொம்யூனிஸ்டுகளும் பட்டாளமும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். கண்ணிவெடியில் சிக்கிய சிப்பாய்களை அவளுடைய வார்டில் கொண்டுவந்து போடுவார்கள். பூட்ஸை வெட்டி எடுத்தால் சதையும் கூடவே வரும். மற்ற மாணவிகள் வெளியே ஓடினார்கள். சின்னம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்த ராணுவ டாக்டர், பரீட்சை முடிந்ததும் ராணுவத் தாதியாக வருகிறாயா என்று கேட்டாராம். வீட்டில் கேட்காமலே சரி என்றுவிட்டாள்.

தீபாவளி லீவில்தான் அதை வீட்டில் சொன்னாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ரகசியம் தங்காது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவர் கூரை வரை போகாது. அடுத்த வீட்டு வேலாயி குழம்புக் கிண்ணத்தை அந்தத் திறப்பு வழியாகத்தான் நீட்டுவாள். அன்று அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது.

மறுநாள் காட்டோரத்துத் தேயிலையில் பூட்ஸ் தடம் கிடந்தது. மருந்து அடிக்கிறவர்களுடையதா, வேறு யாருடையதா? யாரும் விசாரிக்கவில்லை. குழாயடிக்கு அம்மா போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வேலாயியின் புருஷன் சிங்காரம் ஏணி போட்டு, நடுச்சுவருக்கு மேலே பலகை வைத்து ஆணி அடித்தார்.

"என்ன மாமா, எலி வருதா?" என்றாள் சின்னம்மா.

"எலி வந்தா பூனை வளர்ப்பேன். அஸ்கார்ல, பட்டாளத்துல ஆள் இருக்கிற வீட்டைக் காட்டுக்காரனுங்க தேடி வருவானுங்க, பிள்ள. உங்க வீட்டுல தீ வச்சா எங்க வீடு என்ன தள்ளியா இருக்கு?"

"பலகை தீயைத் தடுக்குமா?"

"தடுக்காது. அதான் சொல்றேன், போகாத லா."

தாத்தா காளிமுத்து தோட்டத்துத் தொழிலாளி. வேலை இருந்தால்தான் லயத்தில் வீடு; அதை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. கோயிலடியில் ஆம்பளைகள் கூடினார்கள். மகள் பட்டாளத்துக்குப் போனால் காளிமுத்து வேறு தோட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

தாத்தா பதில் சொல்வதற்குள் சின்னம்மா முந்திக்கொண்டாள்.

"நான் போறேன். அப்புறம் இந்த லயத்துப் பக்கமே வரமாட்டேன். எங்கப்பாவ விட்டுடுங்க."

அவள் வரவில்லை. லீவு கிடைத்தால் சாதாரணச் சேலையில், தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ரிங்லெட் டவுன் வரை பஸ்ஸில் வருவாள். அம்மாவும் தாத்தாவும் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். சீருடையில் எடுத்த படத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் பையில் வைத்துக்கொள்வாள். அந்தப் படம் வீட்டில் இருக்கக் கூடாதாம்.

எட்டு வருஷம் இப்படியே போயிற்று. 1984இல் தாத்தாவுக்கு மூச்சு முட்டியது. சின்னம்மாவுக்குத் தந்தி போயிற்று. அவள் லயத்துக்கு வரமாட்டாள் என்பதால், சிங்காரம்தான் டிரைவரோடு பேசி, தாத்தாவைத் தோட்டத்து லோரியில் படுக்கவைத்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டுக்கு வந்தார். கடை வாசலில் காத்திருந்த சின்னம்மா லோரியில் ஏறினாள். நாடி பார்த்தாள். கால் வீக்கத்தை அழுத்தினாள். விழுந்த குழி மேலே வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள் அம்மா.

"வழி தாங்காதுக்கா. வீட்டுக்கே கொண்டு போங்க."

தாத்தா அவள் கையை விடவில்லை. "நீயும் வா."

சிங்காரமும் சொன்னார். "கூடவே வந்துடு பிள்ள. இப்ப யாரு என்ன சொல்லப் போறாங்க."

"நீங்க சொல்றீங்களா மாமா, இல்ல லயமே சொல்லுதா?"

சிங்காரம் மலையைப் பார்த்தார். போன வாரம்கூட அந்தப் பக்கம் பட்டாளத்து ஹெலிகாப்டர் தாழப் பறந்து சுற்றியிருந்தது.

சின்னம்மா தாத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கீழே இறங்கி, லோரியின் பின்பலகையைத் தானே தூக்கிக் கொக்கியை மாட்டினாள்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே," என்றாள் டிரைவரிடம். "வளைவுல ஆட்டாதீங்க."