பட்டப்பகலில் படகேற்றிய கெசையா

எங்கள் கென்டக்கி ஆற்றங்கரையில் துணி வெளுத்துப் பிழைத்த கெசையா, விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். தப்பி வரும் அடிமைப் பெண்களுக்கு, வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வெளுக்கப் போட்ட கறுப்புத் துக்க உடையை உடுத்தி, தோல் நிறம் தெரியாதபடி கையுறையும் முகத்திரையும் போட்டு, பட்டப்பகலிலேயே படகேற்றி, அடிமைமுறை இல்லாத எதிர்க்கரையான ஒஹையோவுக்கு அனுப்பிவிடுவாள். பன்னிரண்டாவதாகப் போன டார்க்கஸ் அக்கரை சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

“தப்புன்னு ஒத்துக்கோ, தண்டனையைக் குறைக்கிறேன்,” என்றார் நீதிபதி.

“தப்புதாங்க ஐயா. ஒவ்வொருத்தரா அனுப்பினேன். ரெண்டு ரெண்டு பேரா அனுப்பியிருக்கணும்.”

கூட்டத்தில் நின்ற நாங்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டோம். ஏழு வருடச் சிறை என்று தீர்ப்பானது.

“டார்க்கஸைப் பிடிச்சிட்டீங்களா?” என்று காவலரிடம் கேட்டாள் கெசையா. “இல்லை,” என்று முணுமுணுத்தார் அவர். அவள் தலை நிமிர்ந்து சிறைக்கு நடந்தாள்.