பொம்மைக்குச் சுற்றிய அகராதிச் சீட்டுகள்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என் கணவருக்கு ஒரு பொம்மைக் கொட்டகை இருந்தது. அதன் பரண் என்னுடையது. நான் சமஸ்கிருத அகராதிகளின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எந்தச் சொல்லை எந்த அகராதிக்காரர் யாரிடமிருந்து எடுத்தார் என்று சொல்லுக்கு ஒரு சீட்டு. ஏழு வருஷச் சீட்டுகள் அட்டைப்பெட்டிகளில் அந்தப் பரணில்தான் இருந்தன. சூளைச் சூட்டில் பூச்சி அண்டாது, மழைக்கு நமுத்துப் போகாது. எல்லாம் என் புத்திசாலித்தனம்.

அந்த அகராதிக்காரர்கள் என்னைப் பைத்தியமாக்கியிருந்தார்கள். பழைய ஆட்கள் சொற்களைச் செய்யுளாகக் கட்டிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள்; ஓலையைக் கரையான் தின்றாலும் சொல் வாயில் இருக்கும். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அகரவரிசையில் அடுக்கினார்கள். அவர்களில் ஒருவர் புதிய பதிப்பைத் திருத்தி முடித்த கையோடு செத்துப்போனார். புனேயில் ஒரு கூட்டமே பல பத்தாண்டுகளாக எழுதியும் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. அவர்களை நினைத்துச் சிரித்திருக்கிறேன். திமிர்தான். எனக்குச் சீட்டெல்லாம் முடிந்து ஆய்வேடு எழுதுவது மட்டும்தானே பாக்கி! வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை பரணில் ஏறினேன். பெட்டிகள் காலியாக இருந்தன.

பேக்கிங் செய்யும் பெண்ணைக் கூப்பிட்டேன். "பேப்பர் தீந்துபோச்சுக்கா, சனிக்கெழம சென்னை லோடுக்கு அதத்தான் சுத்தினோம்" என்றாள் சாதாரணமாக.

"அதுல எழுதியிருந்தது தெரியலையா?"

"ஒரு பக்கம் நம்ம பழைய பில்லு. மறுபக்கம் இந்தி. வடக்க போன லோடு கணக்காக்கும்னு நெனச்சேன்க்கா. ஒரு பக்கம் அச்சடிச்ச பேப்பரத்தான் எடுக்கணும், வெள்ளப் பேப்பரத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். காகிதத்தை வீணாக்கக்கூடாது என்று பழைய பில்லின் முதுகில் நாகரி எழுத்தில் சீட்டு எழுதியவளும் நான்தான். அவளை அறைய வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு அறைவது?

கணவர் வண்டியை எடுத்தார். சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் வேப்பூருக்குப் போய், லாரிக்காரர்கள் சாப்பிடும் கடைகளில் எல்லாம் விசாரித்தோம். எங்கள் லாரி சனிக்கிழமையே சாப்பிட்டுக் கிளம்பிவிட்டதாம். எனக்கு அது தெரியாததா? ஆனாலும் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெயிலில் நின்று அழுதேன். கணவர் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்த பூத்திலிருந்து சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் குரலில் ஒரே சந்தோஷம்.

"சரக்கு நேத்தே வந்துடுச்சு மேடம், எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கிட்டோம்."

"சுத்தியிருந்த பேப்பர்?"

"பேப்பரா? காலையில குப்பை வண்டியில போட்டாச்சு. ஆனா பேக்கிங் பிரமாதம் மேடம். இந்தத் தடவை ஒரு பொம்மைகூட உடையல. அடுத்த லோடையும் இதே மாதிரி கட்டச் சொல்லுங்க."

"சரிங்க, சொல்றேன்" என்றேன்.