தறிச் சத்தத்தில் தூங்கும் பிள்ளை

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சிவப்பு வீக்கம். பள்ளிச் சீருடையைக் கழற்றும்போதுதான் என் மகள் தர்ஷினியின் வலது கையில் அதை முதலில் பார்த்தேன். வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து இன்னொரு முறை பார்த்தேன். கிள்ளியது போலவும் இருந்தது, அடித்தது போலவும் இருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். அவளுக்கு ஏழு வயது. தண்ணி, போலாம், வேண்டாம் என்று மூன்று நான்கு சொற்களுக்கு மேல் பேச்சு கிடையாது. அன்று அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் என்றாலே தெருமுனையில் உட்கார்ந்துகொண்டாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு கத்தினாள். மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்தால் இரண்டு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியாது.

அவளுக்கு ஆட்டிசம் (மூளை உலகத்தை வேறு விதமாக உள்வாங்கும் நிலை, நோய் அல்ல, மருந்தில் மாறுவதும் அல்ல) இருப்பதை நான்கு வயதிலேயே சேலத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு தனியார் பள்ளிகள் இடமில்லை என்று கைவிரித்த பிறகு, எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிதான் சேர்த்துக்கொண்டது. அதுவும் போனால் அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. சந்தேகம் எனக்குப் பிறந்த வீட்டுச் சீர். வாயில்லாப் பிள்ளையைப் பெற்ற பிறகு அது இரண்டு மடங்காயிற்று. தினமும் மாலையில் அவள் சட்டையைக் கழற்றி, முதுகு, தொடை, கை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். வீக்கம் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இருந்த நாளெல்லாம் பள்ளிக்குப் போன நாள். டீச்சர்தான் கிள்ளுகிறார் என்று முடிவுகட்ட எனக்கு அந்தக் கணக்கே போதுமாக இருந்தது.

சேலத்து டாக்டரிடம் கூட்டிப் போனோம். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சத்தம் ஒத்துக்காம இருக்கும்மா. புலன் மிகையுணர்வுன்னு (ஓசை, வெளிச்சம், தொடுதல் இதெல்லாம் உடம்பை அளவுக்கு மீறித் தாக்குவது) சொல்லுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டர், எங்க ஊட்டுல நாலு விசைத்தறி ஓடுதுங்க. நாம பேசுனா நமக்கே கேக்காது. அந்தச் சத்தத்துலதானுங்க இவ தூங்குறா. இவளுக்கா சத்தம் ஒத்துக்காது?"

அவர் யோசித்தார். சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு என் பதில் கிடைத்துவிட்டது. டாக்டர் டீச்சரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார், படித்தவர்கள் படித்தவர்களோடுதான் சேருவார்கள் என்று பேருந்தில் வீடு வரும்வரை என் வீட்டுக்காரரிடம் பொருமிக்கொண்டே வந்தேன்.

"சும்மா இரு புள்ள. நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடமும் ஆகாதுன்னுட்டா எங்க போறது?" என்றார் அவர்.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளை விட வந்த மற்ற அம்மாக்கள் முன்னால், வகுப்பு டீச்சர் சுமதியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க டீச்சர், பேசத் தெரியாத புள்ளைன்னுதான கிள்ளுறீங்க?"

அவர் மற்ற அம்மாக்களை ஒருமுறை பார்த்தார். "இங்க வேண்டாங்க. உள்ள வாங்க, சொல்றேன்" என்றார்.

மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் உள்ளே கூப்பிட வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் அவள் வீட்டிலேயே இருந்தாள். நான் தார் சுற்றுவேன் (தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றும் வேலை). அவள் என் காலடியில் வெற்றுக் குழல்களை வரிசையாக அடுக்குவாள். கையில் வீக்கம் இல்லை. பார்த்தீர்களா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். ஆனால் 'அ' எழுதப் பழகியிருந்த விரல் அதை மறந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மாதாமாதம் முன்கூட்டிச் சொல்லி நிறுத்துவார்களே, அதுவல்ல; அதற்கு நாங்களே தறியை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவோம். சொல்லாமல் கொள்ளாமல் போனது. எங்கள் நான்கு தறியும், தெருவிலிருந்த அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. காது அடைத்தது போல ஓர் அமைதி. தர்ஷினி துள்ளி எழுந்தாள். வலது மணிக்கட்டை வாயில் வைத்தாள். கடித்தாள். நான் பாய்ந்து விலக்குவதற்குள் பல் பதிந்துவிட்டது.

ஈரத்துணி சுற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பல் தடம் அமுங்கிப்போய், வெறும் சிவப்பு வீக்கம் நின்றது. அதே இடம். அதே அளவு.

தறிக்கார வீட்டுக் கைக்குழந்தைகள் தறி ஓடினால் தூங்கும், நின்றால் வீல் என்று விழிக்கும். எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். அதனால்தான் இவளிடம் அது ஒரு வித்தியாசமாகவே எங்களுக்குப் படவில்லை. தறிச் சத்தம் பெரிது, ஆனால் மாறாதது. பள்ளிக்கூடம் அப்படி இல்லை. அமைதியாக இருக்கும்போது திடீரென்று மணி அடிக்கும். நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் வாய்ப்பாடு கத்துவார்கள், சட்டென்று நிறுத்துவார்கள். அவளை உலுக்கியது அந்தத் திடீர்தான். நான் அளவைப் பார்த்தேன், மாற்றத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் தனியாகப் பள்ளிக்குப் போனேன். டீச்சரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இங்கயும் அவளேதான் கையக் கடிச்சுக்கிட்டாளுங்க. மொத நாளே உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும்" என்றார் அவர். "சொன்னா புள்ளைய நிறுத்திருவீங்கன்னு பயந்துட்டேன்."

ஆக, அவரும் ஒன்றை மறைத்துத்தான் இருந்தார். என் சந்தேகம் முழுக்கப் பொய்யில்லை என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு நடந்ததைக் கேட்டுச் சேலத்து டாக்டர் அனுப்பிய, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கு உடம்பைப் பழக்கும் பயிற்சி) தருகிற பெண்ணும் சுமதி டீச்சரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். மணி அடிக்கும் முன் மணிப் படம் வரைந்த அட்டையை அவளிடம் காட்டுவது. வாய்ப்பாடு தொடங்கும் முன் அவளை வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்புவது. முதலில் தினம் அரை மணி மட்டும் பள்ளியில் இருந்தாள், பிறகு இடைவேளை வரை. என் வீட்டுக்காரர் தறிச் சத்தத்தைச் செல்போனில் பதிவுசெய்து, ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டிவிட்டார். அவள் பிடுங்கி எறிந்தாள். ஹெட்ஃபோன் உடைந்தது, அவர் மனசும் சேர்ந்து உடைந்தது. இப்போது மதிய உணவு வரை இருக்கிறாள். சில நாள் தெருமுனையோடு திரும்பி வருகிறோம். அந்த நாட்களும் உண்டு.

டீச்சர் என்னை மன்னித்தாரா, தெரியாது. பிள்ளையை ஒப்படைக்கும்போது அவளுடைய இரண்டு கையையும் நீட்டச்சொல்லி, "பாத்துக்கோங்க" என்பார், மரியாதையாக. நானும் பார்ப்பேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச முடியாத பிள்ளையைப் பெற்றவர் பார்த்துத்தான் ஆகவேண்டும், நீங்களும் பாருங்கள். ஆனால் பார்த்ததும் முடிவுக்குப் போகாதீர்கள். என் மகள் இப்போது டாக்டர், கண்டக்டர், மளிகைக்கடைக்காரர் என்று எதிரே யார் நின்றாலும் இரண்டு கையையும் நீட்டித் திருப்பிக் காட்டுகிறாள். அதைப் பழக்கியது நான்.

என் உடம்பும் மாறிவிட்டது. முன்பு தறிச் சத்தம் என் காதிலேயே விழாது. இப்போது ஓடும் ஒவ்வொரு நிமிடமும், அது நிற்கப்போகும் நொடிக்காகத் தோள் இறுகியே இருக்கிறது.

போன வாரம் மறுபடி அப்படிக் கரண்ட் போனது. தாரைப் போட்டுவிட்டு ஓடினேன். மணிக்கட்டு அவள் வாய்வரை போயிருந்தது. கடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தாள். அடுத்த கையையும் பார்த்தாள்.

"ஒன்னுமில்ல சாமி" என்றேன்.

அவள் நம்பவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு என்னை இழுத்துப்போய் இன்னொரு முறை பார்த்தாள்.